சதையிப் புற்றுநோயும் படிமவியலும்: ஒரு வரலாற்று நோக்கு

இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்பின் முன்னாகக் குறுக்கே கிடக்கும் சதையி (கணையம்) மருத்துவரின் கைக்கும் கண்ணுக்கும் எளிதில் அகப்படாத உறுப்பாகும். அதில் எழும் புற்றினைக் காண மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, ‘நோய் உண்டா?’ என்னும் வினா ‘நோய் எவ்வளவு பரவியுள்ளது?’ என்னும் வினாவாக விரிவடைந்தமையை நாம் காணலாம்.

1890 இல் சுவிற்சர்லாந்துச் சத்திரசிகிச்சையாளர் கூர்வோசியே, பித்தக்கல்லால் விளையும் செங்கண்மாரியில் பித்தப்பை பெருத்தல் அரிது எனக் குறிப்பிட்டார். செங்கண்மாரியோடு வீங்கிய பித்தப்பையும் தட்டுப்படின் புற்றினை ஐயுறும் மரபு இதனின்று தோன்றியது. 1895 இல் றொன்ற்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பின்னரும் நிலைமை உடனே மாறவில்லை. எலும்பைத் தெளிவாகக் காட்டிய கதிர், அயலிலுள்ள மென்னிழையங்களினின்று சதையியைப் பிரித்துக் காட்டவில்லை. எனவே மறைமுக வழிகளே நாடப்பட்டன. பேரியம் பருகிய நோயாளரின் முன்சிறுகுடல், இடவலம் மாறிய 3 என்னும் இலக்கம்போல் உருத்திரிந்து தோன்றுதலை 1938 இல் புறொஸ்ற்பேர்க் விவரித்தார். 1953 இல் செல்டிங்கர் வெளியிட்ட முறை, நாடிகளுள் நுண்குழாய் செலுத்திப் படமெடுத்தலை எளிதாக்கியது. எனினும், இவை புற்றின் விளைவுகளையே காட்டின. புற்றினை நேரே காட்டவில்லை.

இதற்கிடையில், 1935 இல் அமெரிக்கரான விப்பிளும் அவர்தம் துணைவரும் முன்சிறுகுடலையும் சதையித் தலையின் பகுதியையும் அகற்றும் சத்திரசிகிச்சையை வெளியிட்டனர். ஆயின், புற்று அகற்றத்தக்கதா என்பதை வயிற்றைத் திறந்தே பெரும்பாலும் அறிய வேண்டியிருந்தது. அகற்றவியலாதெனக் கண்டு மீளத் தைக்கப்பட்டோர்க்கு நோயோடு காயமும் எஞ்சியது.

1971 இல் ஹவுன்ஸ்பீல்டின் கணனி வெட்டுமுகப் படக்கருவி இலண்டனில் முதன்முதல் ஒரு நோயாளரின் தலையைப் படமாக்கியது. சில ஆண்டுகளில் அது முழுவுடலுக்கும் விரிந்தது. மாறுநிறப் பொருளை நாளத்துட் செலுத்திச் சில விநாடிகளின் பின் எடுக்கும் படத்தில், நலமான சதையி ஒளிரப் புற்று பெரும்பாலும் இருண்டு தோன்றும். சிறுகுடலுக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருநாடிக் கிளையைப் புற்று தொடவில்லையாயின், அது அகற்றத்தக்கதாகலாம். 180 பாகை வரை தழுவின் எல்லைநிலை. அதனினும் மிகின் பொதுவாக அகற்றவியலாது. 1980களில் வளர்ந்த அகநோக்கிக் கழியொலி முறை, இரைப்பையினுள்ளிருந்தே சதையியை அணுகிப் பார்க்கவும், பின்னர் ஊசியால் இழையம் பெறவும் வழிசெய்தது.

எனினும், ஈரலிலும் வயிற்றறை உறையிலும் படிந்த நுண்ணிய பரவல்கள் இன்றும் படத்துக்குத் தப்புவதுண்டு. நோயாளர் பலரும் காலந்தாழ்த்தியே வருகின்றனர். ஆகவே, படிமவியல் இந்நோயை வென்றது எனக் கூறுதல் பொருந்தாது. யாருக்குக் கத்தி பயன்தரும், யாருக்கு அது வீண்துன்பமாகும் என்பதை முன்கூட்டியே பிரித்தறிய உதவியமையே அதன் பெரும்பேறு என்பது எமது துணிபு.