ஆண்டுக்கு ஒரு டாலர்: பயிற்றுநர் ராட் டீடோவின் 45 ஆண்டுகள்

லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் 1986 வரை பேஸ்பால் குழுவைப் பயிற்றுவித்தவர் ராட் டீடோ. இந்நெடுங்காலத்திற்கு அவர் பெற்ற ஊதியம், பெயரளவில், ஆண்டொன்றுக்கு ஒரு டாலர். அவருடைய குழுக்கள் 1,332 ஆட்டங்களில் வென்றன. 571 ஆட்டங்களில் தோற்றன. 11 ஆட்டங்கள் சமமாக முடிந்தன. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசிய வாகைப் பட்டம் அவர் காலத்தில் 11 முறை அப்பல்கலைக்கழகத்தை அடைந்தது. வேறெந்தப் பயிற்றுநரும் ஐந்துக்கு மேல் அடைந்ததில்லை. எனினும், வெற்றிகளை எண்ணிப் பார்ப்பதனால் மட்டும் ஓர் ஆசிரியரை அளந்துவிட முடியுமா என்ற வினாவை அவர் வரலாறே எழுப்புகிறது.

இந்த ஆட்டம் நம்மவர்க்கு முற்றிலும் புதியதன்று. பள்ளித் திடல்களில் நம் பிள்ளைகள் ஆடும் ரவுண்டர்சும் சாப்ட்பாலும் இதற்கு நெருங்கிய உறவினவே. பக்கத்துக்கு ஒன்பது பேர்; ஒன்பது இன்னிங்ஸ். ஓர் இன்னிங்சில் மூவர் ஆட்டமிழக்கும் வரை ஒரு பக்கத்தார் அடித்துக்கொண்டே இருக்கலாம். கடிகாரத்திற்கு இங்கே அதிகாரம் இல்லை. மூன்றாமவர் ஆட்டமிழக்காத வரை, எத்துணைப் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் உயிரோடிருக்கும். டீடோவின் பயிற்சி முறையைப் புரிந்துகொள்ள இவ்விதியை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

அவர் 1914 பிப்ரவரி 17ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். இயற்பெயர் ராவுல். கலிபோர்னியாவில் வளர்ந்து, தாம் பின்னர்ப் பயிற்றுவித்த அதே பல்கலைக்கழகத்தில் பயின்று, அதன் குழுவில் ஆடினார். 1935இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்னும் தொழில்முறைக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். நான்கு முறை மட்டை பிடித்து ஒரு முறை வெற்றிகரமாக அடித்தார். பின்னர் நேர்ந்த முதுகுக் காயம் அந்த வாழ்வுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆயினும், டாட்ஜர்ஸ் குழுவின் நிர்வாகியாக அப்போதிருந்த கேசி ஸ்டெங்கலின் நட்பு அவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த ஸ்டெங்கலே டீடோவுக்கு ஆசான் போல் அமைந்தார்.

ஆடும் வாழ்வு முடிந்த இளைஞர், 500 டாலர் முதலீட்டில் சரக்கு லாரித் தொழிலைத் தொடங்கினார். அது வளர்ந்து பெருநிறுவனமாயிற்று. ஒரு டாலர் ஊதியத்தின் விளக்கம் இதுதான். இதனைத் துறவு என்று போற்றுவது மிகை. வீட்டில் அடுப்பெரிய வேறு வழி இருந்தவர்க்கே அப்படி ஒரு கொடை இயலும். சம்பள நாளை எண்ணிக் காத்திருக்கும் ஆசிரியர் எவரும் இதைக் கண்டு நாணத் தேவையில்லை. ஆனால், பொருள் சேர்த்த பின்னும் நாள்தோறும் மாலையில் மாணாக்கரிடம் திரும்பி வந்தார் என்பதும், 45 ஆண்டுகள் அவ்வாறு வந்தார் என்பதும் மறுக்கவொண்ணாத உண்மைகள்.

அவர் பொறுப்பேற்றது போர்க்காலத்தில். பயிற்றுநர் சேம் பேரி 1942இல் கடற்படைப் பணிக்குச் சென்றபோது, தம் பழைய மாணவரிடம் குழுவை ஒப்படைத்தார். போர் முடிந்து பேரி மீண்டதும் இருவரும் இணைந்து நடத்தினர். 1948இல் யேல் பல்கலைக்கழகத்தை வென்று முதல் தேசியப் பட்டம் பெற்றது அந்த இணைப்பணியின் பயனே. தோற்ற யேல் குழுவின் தலைவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜார்ஜ் புஷ் (மூத்தவர்). 1950இல் பேரி மறைந்தார். அதன்பின் குழு முழுவதும் டீடோவின் கையில் வந்தது. 11 பட்டங்கள் என்னும்போது, முதலாவதில் பேரிக்கும் பங்குண்டு என்பதை மறத்தலாகாது.

1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் அவர்களுடையதாயிற்று. வேறெந்தக் கல்லூரியும் தொடர்ந்து மூன்று பட்டங்கள்கூடப் பெற்றதில்லை. இவ்வைந்தனுள் 1973ஆம் ஆண்டினது தனிக்கதை. நெப்ராஸ்கா மாநிலத்து ஓமகா நகரில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். எதிரணியில் பந்தெறிந்தவர் டேவ் வின்பீல்டு. பின்னர்ப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்ற பேராற்றலர். எட்டு இன்னிங்ஸ் முடியும்வரை டீடோவின் மாணவர்களால் ஓர் ஓட்டமும் எடுக்க இயலவில்லை. அவர்களுள் 15 பேரை வின்பீல்டு பந்தாலேயே வீழ்த்தியிருந்தார். கணக்கு 7-0. எஞ்சியிருந்தது கடைசி இன்னிங்ஸ் ஒன்றே. அதில் எட்டு ஓட்டங்கள் எடுத்து 8-7 என்று வென்றனர்! களைத்துப் போன வின்பீல்டு பந்தெறிவதை விட்டு வெளிக்களத்திற்குச் சென்று, கைக்கெட்டிய வெற்றி நழுவுவதை அங்கிருந்தே பார்க்க நேர்ந்தது. இறுதியாட்டத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை 4-3 என்று வீழ்த்தி அவ்வாண்டுப் பட்டத்தையும் கொண்டனர்.

இதனை நற்பேறு என்று கூறி அமைவாரும் உளர். ஆனால், ஒரே தவற்றை ஒரு முறைகூடச் செய்யாதே என்பது டீடோ ஓயாமல் சொல்லி வந்த பாடம். இருமுறை செய்யாதே என்றுதான் உலகம் சொல்லும். அவர் ஒரு முறையையும் விலக்கினார். பிறன் தவறும்போதே கண் திறந்து பார்த்துக் கற்றுக்கொள் என்பது இதன் உட்கிடை. கை தவறுவது இயல்பு, கருத்துத் தவறலாகாது என்று பழக்கப்பட்ட பிள்ளைகள், ஏழு ஓட்டம் பின்தங்கியும் பதறாமல் நின்றதில் வியப்பில்லை. கண்டிப்போடு களிப்பும் அங்கிருந்தது. எல்லாரையும் 'டைகர்' என்றே அழைப்பார். பெயர்கள் நினைவில் நில்லாமையால் வந்த வழக்கம் அது என்பர். புலி என்று அழைக்கப்படுவதை எந்த மாணவன் வெறுப்பான்?

மாணாக்கரின் திறமறிதலில் அவர் எப்போதும் பிழையாதவர் அல்லர். டாம் சீவர் வந்தபோது உதவித்தொகை தர உடனே துணியாமல், 1964 கோடையில் அலாஸ்காவுக்கு அனுப்பி ஆடவிட்டுப் பார்த்தார். திரும்பி வந்த சீவர் 1965இல் 10 ஆட்டங்களை வென்று கொடுத்தார். தொழில்முறை ஆட்டத்தில் 311 வெற்றிகள் பெற்று 1992இல் புகழ்க்கூடம் புகுந்தார். மார்க் மெக்வயர் பந்தெறிபவராகவே வந்து சேர்ந்தவர். 1982 கோடையில், அதே அலாஸ்காவில், உதவிப் பயிற்றுநர் ஒருவரே அவரை மட்டையாளராக்கினார். டீடோ முதலில் அதற்கு முழுமனத்துடன் இசையவில்லை. ஆனால் தடுத்து நிறுத்தவும் இல்லை. 1984இல் மெக்வயர் 32 ஹோம் ரன் அடித்துப் பல்கலைக்கழகச் சாதனை படைத்தார். (தொழில்முறை ஆட்டத்தில் ஊக்கமருந்து உட்கொண்டதை 2010இல் அவரே ஒப்புக்கொண்டது பிற்காலச் செய்தி.) 208 செண்டிமீட்டர் உயரமும் கட்டுக்கடங்காத வேகமும் கொண்ட ரேண்டி ஜான்சன் அங்குப் பயின்ற காலத்தில், பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாத நிலை. அவர் முழுமை பெற்றது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. ஆசிரியர் விதைத்ததெல்லாம் அவர் கண்முன்னே விளைவதில்லை.

ஜப்பானோடு டீடோவுக்கு இருந்த தொடர்பும் குறிப்பிடத்தக்கது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் பேஸ்பால் காட்சியாட்டமாக நடந்தபோது அமெரிக்கக் குழுவை வழிநடத்தி வென்றார். இருபது ஆண்டுகள் கழித்து, 1984 ஒலிம்பிக் அவருடைய சொந்த நகரிலேயே நடந்தது. மீண்டும் அவரே பயிற்றுநர். மெக்வயர் முதலிய நட்சத்திரங்கள் நிறைந்த அக்குழு, இறுதியாட்டத்தில் ஜப்பானிடம் 6-3 என்று தோற்றது. ஆயினும், இவ்வாட்டம் ஒலிம்பிக்கில் நிலைபெற வேண்டும் என்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1992 பார்சலோனாவில் அது பதக்கத்திற்குரிய ஆட்டமாயிற்று.

1978இல் 11ஆம் பட்டம் பெற்றபின், அவர் குழு ஒரு முறையும் ஓமகாவை எட்டவில்லை. அண்மையிலிருந்த புல்லர்ட்டன் அரசுக் கல்லூரி 1979இலும் 1984இலும் பட்டம் வென்றது. நாடெங்கும் முழுநேரப் பயிற்றுநர்கள் பெருகிவிட்ட காலம் அது. மாலைநேர ஆசிரியரின் காலம் சாய்ந்துகொண்டிருந்தது என்பதே பொருத்தமான விளக்கமாகலாம். ஐந்தாறு ஆண்டு முன்னரே விலகியிருந்தால் புகழ் குறையாதிருக்கும் என்று கூறுவோர், சீவரையும் ஜான்சனையும் ஒரே ஆசிரியர் ஏற்ற அந்த நீண்ட காலத்தின் பயனைக் கணக்கில் கொள்வதில்லை.

1986இல் ஓய்வு பெற்றார். அவருடைய வெற்றி எண்ணிக்கையை 1994இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கிளிப் கஸ்டாப்சன் கடந்தார். டீடோ 2006 ஜனவரி 5ஆம் நாள், 91ஆம் வயதில் மறைந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மைக் கில்லெஸ்பி, 1961இல் பட்டம் வென்ற குழுவில் ஆடிய அவருடைய மாணவரே. அம்மாணவர் 1998இல் ஓமகாவில், அதே அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை 21-14 என்று வென்று 12ஆம் பட்டத்தைக் கொணர்ந்தபோது டீடோவுக்கு வயது 84.