டைனோ தாளில் ஓடும் குதிரை

மலேசியக் காரான பெரோடுவா பெஸ்ஸாவின் என்ஜின் எங்கே செய்யப்படுகிறது என்று கேட்டால், அதை ஓட்டுபவர்களிலேயே பலர் ஜப்பான் என்பார்கள். செய்வது செண்டாயானில். ரப்பரும் செம்பனையும் நின்ற நெகிரி செம்பிலான் தோட்ட நிலத்தில் எழுந்த தொழிற்பேட்டை அது. டைஹாட்சுவும் பெரோடுவாவும் சேர்ந்து அங்கே கட்டிய என்ஜின் ஆலை 2016-இல் திறக்கப்பட்டது. பெஸ்ஸாவின் 1.3 லிட்டர் என்ஜினுக்கு விற்பனைத் தாள் காட்டும் கணக்கு இது: 6,000 ஆர்பிஎம்மில் 94 குதிரைத்திறன், 4,000 ஆர்பிஎம்மில் 121 நியூட்டன் மீட்டர் டார்க்.

இதில் டார்க் என்பது கையால் தொட்டு உணரக்கூடிய ஒன்று. ஸ்பேனரை அழுத்தும்போது நட்டில் விழும் முறுக்கு அது. குதிரைத்திறனை அப்படித் தொட முடியாது. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி, ஒரு மாறிலியால் வகுத்தால் வருவதுதான் அது. பெஸ்ஸாவின் 94-ஐப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், 6,000-இல் டார்க் 111-க்கு இறங்கிவிட்டது தெரியும். முறுக்கு குறைந்த இடத்தில்தான் குதிரைகள் அதிகம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதோ குதிரைகளைத்தான். அது ஏன் என்பதற்கு இருநூறு வருடத்துக்கு மேலான கதை இருக்கிறது.

1780களில் ஜேம்ஸ் வாட் நீராவி என்ஜின் விற்றுக்கொண்டிருந்தார். பழைய நியூகோமன் என்ஜின் வைத்திருந்த சுரங்கக்காரர்களிடம் வியாபாரம் சுலபம்: மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள் என்றார். ஆனால் ஆலைக்காரர்கள் குதிரை கட்டி ஓட்டியவர்கள். அவர்களிடம் மிச்சமாக நிலக்கரியே இல்லை. அதனால் வாட் குதிரையை அளந்தார். 12 அடி ஆரமுள்ள வட்டத்தில், மணிக்கு 144 சுற்று, 180 பவுண்டு இழுவிசை. பெருக்கினால் நிமிடத்துக்கு 32,500 அடி-பவுண்டுக்குச் சற்று மேல் வரும். அதை 33,000 என்று முழுதாக்கிக்கொண்டார். நாள் முழுக்க அந்த வேகத்தில் இழுக்கும் குதிரை அபூர்வம். ஆனால் வாங்குபவருக்கு அதனால் நஷ்டமில்லை. என்ஜினுக்கு வருட வாடகை ஒரு குதிரைத்திறனுக்கு 5 பவுண்டு, லண்டனில் 6. ஆக, குதிரைத்திறன் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல, பில் போடப் பிறந்தது.

பில்லில் இருக்கும் எண் சரிதானா என்று சுழலும் தண்டிலேயே அளந்து பார்க்க ஒரு கருவி வர இன்னும் நாற்பது வருடம் ஆனது. 1821-இல் பாரிஸில் காஸ்பார் தெ புரோனி செய்த பிரேக் அது. சுழலும் தண்டின் மேல் இரண்டு மரக்கட்டைகளை வைத்து போல்ட்டால் இறுக்குவது. கட்டையோடு சேர்ந்த நீளமான கை. கையின் முனையில் எடைக்கல். தண்டு கட்டையையும் சேர்த்துச் சுற்றப் பார்க்கும், எடைக்கல் தடுக்கும். கை படுக்கையாக நிற்கும்போது எடையை நீளத்தால் பெருக்கினால் டார்க். பிரேக் ஹார்ஸ்பவர் என்று இன்றும் கார் பத்திரிகைகள் எழுதும் சொல்லில் உள்ள பிரேக் இதுதான், காலால் மிதிப்பது அல்ல. இதற்கு ஒரே எதிரி சூடு. கட்டை புகையும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கப்பல் என்ஜினை மரக்கட்டையால் பிடித்து நிறுத்த முடியாது. பிரிட்டிஷ் கடற்படைக்காக 1877-இல் வில்லியம் ஃப்ரூட் கட்டைக்குப் பதில் தண்ணீரையே தடையாக்கினார். குழிகள் குடைந்த சுழலி ஒரு பக்கம், அதே மாதிரிக் குழிகளோடு உறை மறுபக்கம், நடுவே சுழன்றடிக்கும் தண்ணீர். என்ஜினின் வேலை வெந்நீராக வெளியே போய்விடும். என்ஜின் ஆய்வுக்கூடங்களில் இந்த வம்சத்து டைனோ (டைனமோமீட்டர், அதாவது என்ஜின் திறனை அளக்கும் கருவி) இன்னும் வேலை செய்கிறது. அதன் பிறகு காந்தப்புலத்தில் உலோகத் தட்டைச் சுழலவிட்டுத் தடுக்கும் எட்டி கரண்ட் வகை வந்தது. எல்லாவற்றிலும் கொள்கை புரோனியுடையதுதான்: தடு, தடுக்க எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று பார்.

என்ஜினைக் கழற்றாமல் காரையே ரோலர் மேல் ஏற்றி அளக்கும் வகையில் கதை திசை மாறுகிறது. டைனோஜெட் போன்ற நிறுவனங்கள் பிரபலப்படுத்திய வகையில் தடையே கிடையாது. எடை தெரிந்த கனமான இரும்பு உருளையை டயர் சுழற்றும். அது எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்து கம்ப்யூட்டர் திறனைக் கணக்கிடும். புரோனியின் பிரேக்கில் டார்க்கை நேரடியாக அளந்தார்கள், திறன் கணக்கில் வந்தது. இங்கே திறன் முதலில் வருகிறது. என்ஜினின் ஆர்பிஎம்மை வைத்து டார்க்கைப் பின்னால் கணக்கிடுகிறார்கள். ஒரே கார் ஒரு நிறுவனத்தின் டைனோவில் 200 காட்டிவிட்டு இன்னொன்றில் 180 காட்டுவதில் மர்மம் ஒன்றும் இல்லை. (வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் கார் ஏறும் ரோலரையும் டைனோ என்று நினைப்பவர்கள் உண்டு. அது பிரேக்கைச் சோதிக்க.)

மலேசியாவில் இந்த எண்ணுக்குக் கிராக்கி கொடுத்தது ஹாஃப் கட். ஜப்பானில் பழசான காரைப் பாதியாக வெட்டி, என்ஜினும் கியர்பாக்ஸும் உள்ள முன்பாதியை இறக்குமதி செய்வது. புரோட்டோன் வீரா, சாட்ரியா உடலுக்குள் மிட்சுபிஷி டர்போ என்ஜினை இறக்கிய தலைமுறை அப்படித்தான் உருவானது. அந்த என்ஜின்களோடு சேர்ந்து வந்த காகித எண்ணும் ஒரு வியாபார ஏற்பாடுதான். 1989 முதல் ஜப்பானிய கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு எந்தக் காரையும் 280-க்கு மேல் விளம்பரப்படுத்தவில்லை. ஹோண்டா லெஜண்ட் 300 என்று அறிவித்தது 2004-இல்தான். இடைப்பட்ட காலத்தில் 280 என்று எழுதியிருந்த ஸ்கைலைன் ஜிடிஆர் டைனோவில் ஏறியபோது உண்மை வெளிப்பட்டது. வாட் குதிரையின் பலத்தைக் கூட்டிச் சொன்னார், இவர்கள் குதிரைகளின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி டைனோ அச்சடித்துத் தரும் தாளுக்கு வருவோம். காரை நான்கு பக்கமும் பட்டை போட்டு இறுக்குவார்கள். முன்னால் ஆள் உயர விசிறி. கியர் ஒன்றுக்கு ஒன்று விகிதத்துக்கு அருகில் உள்ளதாக, பெரும்பாலும் நான்காவது. ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி ஒரே ஓட்டம், சில விநாடிகளில் முடிந்துவிடும். பட்டையைக் கூடுதலாக இறுக்கினாலும் டயர் காற்று குறைந்தாலும் எண் இறங்கும். வரும் தாளில் எல்லோர் கண்ணும் உச்சி எண்ணுக்குப் போகிறது. முதலில் பார்க்க வேண்டியது ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்: எஸ்ஏஇ அல்லது எஸ்டிடி.

தோட்டத்தில் ரப்பர் பால் நிறுத்த நினைவுள்ளவர்களுக்கு இது உடனே புரியும். வாளி கனமாக இருந்தால் மட்டும் கூலி கூடாது. கிராணி, பாலின் அடர்த்தி காட்டும் மெட்ரோலேக்கை மிதக்கவிட்டுப் பார்த்து, தண்ணீரைக் கழித்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கெழுதுவார். டைனோவும் காற்றுக்கு அதைச் செய்கிறது. எஸ்ஏஇ முறை, காற்று 25 டிகிரியிலும் ஈரம் நீங்கிய அழுத்தம் 990 மில்லிபாரிலும் இருந்தால் என்ஜின் என்ன கொடுத்திருக்கும் என்று பெருக்கிச் சொல்லும். பிற்பகலில் 33 டிகிரியும் நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்தால் பெருக்கம் சுமார் 1.03. எஸ்டிடி முறையோ 15.6 டிகிரிக் காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது; அது எஸ்ஏஇ-யைவிட ஏறக்குறைய 4 சதவீதம் கூட்டிக் காட்டும். எஸ்ஏஇ-யில் 200 என்றால் எஸ்டிடியில் 208, ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல். டர்போ காரில் இன்னொரு சிக்கல்: பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வே வெளிக்காற்றின் குறையில் ஒரு பங்கை ஈடுகட்டிவிடும். அதன் மேல் முழுத் திருத்தத்தையும் பெருக்கினால் என்ஜின் இழக்காததையும் திருப்பிக் கொடுத்ததாக ஆகிறது. திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

இந்தத் திருத்தம் முதல் பொய் என்றால், இரண்டாவது பொய் சக்கரத்தில் அளந்த எண்ணை என்ஜினின் எண்ணாக மாற்றும் வழியில். கியரிலும் டயரிலும் 15 சதவீதம் போய்விடும், அதைச் சேர்த்துக்கொள் என்பார்கள். அப்படி நிலையான சதவீதம் எதுவும் கிடையாது. 200 குதிரையில் 30 வீணானால், டர்போ மாற்றி 400 ஆன பிறகு அதே கியர்பாக்ஸ் 60-ஐ விழுங்கும் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

எனக்குத் தாளில் பிடித்த இடம் உச்சி அல்ல, கோட்டின் வடிவம். டார்க் கோடு நடுவில் பள்ளமானால் காற்று-பெட்ரோல் விகிதக் கோட்டை அதே ஆர்பிஎம்மில் பாருங்கள். அங்கே கலவை கெட்டிருக்கலாம். ஆர்பிஎம் தாவி ஏறி ரோலர் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்கலாம். அடுத்தடுத்த ஓட்டங்களில் எண் இறங்கிக்கொண்டே போனால் இன்டர்கூலர் சூடேறியிருக்கலாம். முதல் ஓட்டத்தை மட்டும் அச்சடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்மூத்திங் அளவைக் கூட்டி வைத்தால் பள்ளங்களெல்லாம் மறைந்து கோடு வழுவழுவென்று இருக்கும்.

பெரிய டர்போ போட்ட கார் 6,500-இல் 60 குதிரை கூடக் காட்டும். அதே கார் 2,500-இல் பழைய டர்போவைவிட மந்தமாகிவிட்டிருக்கும். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் சாலையில், லாரிக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு முந்தும்போது என்ஜின் இருப்பது அந்த 2,500-இல்தான். ஆனால் அந்த இழப்பைத் தாளில் தேடினாலும் கிடைக்காது. பல தாள்களில் 3,000-க்குக் கீழே கோடே இருக்காது. ஓட்டத்தையே அங்கிருந்துதான் ஆரம்பித்திருப்பார்கள்.