அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் ஆய்வுப் பண்ணை

அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் ஆய்வுப் பண்ணை என்பது கடலூர் மாவட்டம், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் அமைந்துள்ள கல்வி, ஆராய்ச்சிப் பண்ணை ஆகும். இப்பல்கலைக்கழகம் 1929 ஆம் ஆண்டில் அண்ணாமலை செட்டியாரால் நிறுவப்பட்டது. 1950களில் இங்கு வேளாண் கல்வி தொடங்கப்பட்டது.

அமைவிடம்

பண்ணை கடல் மட்டத்திலிருந்து 5.79 மீட்டர் உயரத்தில், காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதியில் உள்ளது. நிலம் களிமண் பாங்கானது. நெல்லே முதன்மைப் பயிர். வடகிழக்குப் பருவமழையின்போது நீர் தேங்குவதும், ஆற்றுநீர் தாமதமாக வருவதும் இப்பகுதி உழவர்களின் சிக்கல்கள்.

செய்முறைக் கல்வி

வேளாண் பட்டப்படிப்பின் பயிர் உற்பத்திச் செய்முறைப் பாடத்தில், மாணவர்கள் நிலத் தயாரிப்பு முதல் அறுவடை வரை தாமே செய்து வரவு செலவு கணக்கிடுகின்றனர். சம்பா அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே, ஈரம் காயுமுன் வயலில் உளுந்து தெளிக்கும் வட்டார முறையின் பயனை வயலிலேயே அறியலாம்.

பராமரிப்பு

கற்பித்தலுக்கான வயல்களின் செலவை விளைச்சலின் விற்பனையால் மட்டும் ஈடுகட்டுவது கடினம். எனவே பண்ணை, பல்கலைக்கழகத்தின் நிதிநிலையைச் சார்ந்துள்ளது. நிறுவனர் குடும்பத்தினரின் நிர்வாகத்தில் இருந்த பல்கலைக்கழகம் 2012-13இல் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளானது. 2013 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றி, தமிழ்நாடு அரசு அதனை ஏற்றது. கட்டடப் பணியை ஒத்திவைக்கலாம். விதைப்புப் பருவத்தை ஒத்திவைக்க இயலாது. பருவம் தவறினால் அவ்வாண்டு மாணவர்களின் பாடமும் தவறும்.