தஞ்சை வட்டாரத்தில் டிரான்சிஸ்டர் வானொலியும் பேட்டரிக் கட்டையும்

டிரான்சிஸ்டர் வானொலி என்பது சில உலர் மின்கலங்களின் ஆற்றலில் இயங்கும், கையில் எடுத்துச் செல்லத்தக்க வானொலிப் பெட்டியாகும். 1960களிலும் 1970களிலும் காவிரிப் படுகையின் நெல் விளையும் ஊர்களில் இது பரவியது. மின்சாரம் எட்டாத வீடுகளுக்கும் பாட்டு, பண்ணைச் செய்தி, புயல் எச்சரிக்கை ஆகியவற்றைக் கொண்டு சேர்த்தது. ஆனால் பெட்டி பேசுவது உள்ளே இருந்த மின்கலத்தைப் பொறுத்தே இருந்தது. ஊரார் அதனைப் 'பேட்டரிக் கட்டை' என்றனர்.

பின்னணி

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் இருந்த ஆறு அகில இந்திய வானொலி நிலையங்களுள் இதுவும் ஒன்று. தஞ்சைக்கு மிக அருகில் இருந்த நிலையமும் இதுவே. தொடக்கத்தில் வானொலிப் பெட்டிகள் வால்வுகளால் இயங்கின. வால்வு சூடேறினால்தான் வேலை செய்யும். அதற்கு வீட்டு மின்சாரமோ கனமான பேட்டரியோ தேவை. எனவே வசதியுள்ள வீடுகளிலும் பஞ்சாயத்து ரேடியோ அறையிலுமே வானொலி ஒலித்தது.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் டிரான்சிஸ்டர் வானொலி அங்கு விற்பனைக்கு வந்தது. சூடேற்றத் தேவையில்லாததால் சில கட்டைகளே போதுமானவை. இந்தப் பெட்டி களத்துமேட்டுக்கும் வரப்புக்கும் வந்தது. திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைத் திண்ணையில் அமர்ந்தே கேட்க முடிந்தது.

ரேடியோ நெல்

1960-61இல் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தில் தஞ்சாவூர் மாவட்டமும் இடம்பெற்றது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் வகையை வெளியிட்டது. ஜப்பானிய வகையையும் இந்திய வகையையும் கலந்து உருவாக்கிய இந்நெல் ஏறத்தாழ 105 நாளில் விளைந்தது, குறுவைக்குப் பொருந்தியது. இதனைப் பற்றி உழவர்கள் வானொலி வழியாக அறிந்ததால் 'ரேடியோ நெல்' என்ற பெயரே அதற்கு வழங்கியது. விதை, உரம், பூச்சி மருந்து பற்றிய அறிவுரைகள் உரிய நாளில் காதில் விழவேண்டும். அந்த நேரத்தில் கட்டை தீர்ந்துபோனால் செய்தியும் தவறிப்போகும்.

கட்டை தளர்வது ஏன்?

அக்காலக் கட்டை துத்தநாகக் குவளை ஒன்றினால் ஆனது. அதன் நடுவில் கரிக்கோல். சுற்றிலும் மாங்கனீசு டைஆக்சைடு கலந்த கருப்பு மருந்து. புதிய கட்டையின் அழுத்தம் 1.5 வோல்ட், நான்கு கட்டைகள் வரிசையாக அமைந்தால் 6 வோல்ட். பயன்படுத்தப் பயன்படுத்த உள்தடை கூடும். முதலில் ஒலி குறையும். பிறகு குரல் கரகரக்கும். ஒலியைக் கூட்டினால் 'புட் புட்' என்ற சத்தம் வரும்.

இரவில் ஓய்ந்த பெட்டி காலையில் சற்று நேரம் நன்றாகப் பேசுவதும் உண்டு. ஓய்வில் கட்டைக்குள் வேதிப்பொருள்கள் மீண்டும் பரவிச் சமநிலை அடைவதே காரணம்.

கைவைத்தியங்கள்

கட்டை விலைக்கு வாங்கவேண்டிய பொருள். கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கு அது ஒரு செலவு. ஆகவே பல வழக்கங்கள் உண்டாயின.

வெயிலில் வைத்தல்: வெப்பம் வேதிவினையை விரைவாக்குவதால் சிறிது நேரம் பலன் கிடைக்கும். கரைந்த துத்தநாகம் திரும்பி வராது. அடுப்பில் சூடேற்றினால் கட்டை வெடிக்கக்கூடும்.

ஒலியைக் குறைத்தல்: இது முழுக்கச் சரியான வழி. ஒலி கூடக்கூடப் பெரும்பாலான பெட்டிகள் அதிக மின்னோட்டத்தை இழுத்தன.

பாதிக் கட்டைகளை மட்டும் மாற்றுதல்: சிக்கனமாகத் தோன்றினாலும் தவறானது. பழைய கட்டை விரைவில் தீர்ந்து, புதியவற்றின் மின்னோட்டத்தால் மேலும் கெட்டு ஒழுகும்.

உப்புத்தாளால் தேய்த்தல்: ஒழுகிய நீரும் படுகையின் ஈரக்காற்றும் சுருள்கம்பியில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். அதை நீக்கினாலே பல பெட்டிகள் பேசின. குற்றம் கட்டையிலன்றி இணைப்பில் இருந்தது. நெடுநாள் பயன்படுத்தாத பெட்டியிலிருந்து கட்டைகளைக் கழற்றி வைப்பது நல்லது.

எலிமினேட்டரும் டேப் ரிக்கார்டரும்

மின்சாரம் வந்த வீடுகளில் 'பேட்டரி எலிமினேட்டர்' கட்டையின் இடத்தைப் பிடித்தது. நேர்முனை எதிர்முனை மாறினால் பெட்டி பழுதாகும். மின்தேக்கி தளர்ந்தால் பாட்டோடு 'உம்' என்ற இரைச்சலும் கேட்கும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் ஒலிநாடாப் பேழையையும், சோனி நிறுவனம் 1979 ஜூலை 1 அன்று வாக்மேனையும் அறிமுகப்படுத்தின. இவற்றில் மோட்டாரும் சுழலவேண்டியிருந்ததால் கட்டை சீக்கிரம் தீர்ந்தது. வானொலியில் குரல் மெலிந்தது. டேப் ரிக்கார்டரில் நாடா மெதுவாக ஓடியதால் நாகசுரத்தின் சுருதியே இறங்கியது.

கஜா புயலும் கட்டையும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசிகள் மின்னேற்ற வழியின்றி அணைந்தன. சில கட்டைகளைக் கொண்டு பல நாள் பேசக்கூடிய பழைய வானொலிப் பெட்டி, இத்தகைய வேளைகளில் இன்றும் பயன்படும் கருவியாகும். கட்டைகளைத் தனியே உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால் போதும்.