ரத்தம் வியர்த்த கல்

மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் தினம் பஸ் ஏறுகிறவர்கள் சொல்லும் அந்த ‘மவுண்ட்’ பரங்கிமலைதான். மலையுச்சிக் கோயிலின் பீடத்தில் ஒரு கல் சிலுவை பதிக்கப்பட்டிருக்கிறது. 1547இல் போர்த்துக்கீசியர் தோண்டும்போது அகப்பட்டது. அதில் இயேசுவின் உடல் இல்லை. ஆணியோ முள்முடியோ கிடையாது. மொட்டாய் முடியும் நுனிகள், மேலே இறங்கிவரும் புறா, அடியில் இலைக்கொடி, சுற்றிலும் பஹ்லவி எழுத்து. அவ்வளவே.

கிடைத்த கையோடு அதில் ரத்தக்கறை கண்டார்கள். தோமையார் இங்கேதான் கொல்லப்பட்டார் என்ற நம்பிக்கைக்கு அது சாட்சியாயிற்று. 1558 டிசம்பர் 18, பூசை நடுவில் கல்லே ரத்தம் வியர்த்ததாம்.

வந்தவர்களின் கண் எதில் பழகியது என்று பார்க்கணும். மறுமலர்ச்சி என்றால் நம்மவர்கள் ரஃபேலின் சாந்தமான மாதாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே காலத்தில், 1512-16இல், க்ரூன்வால்ட் ஈசன்ஹைம் மடத்துக்கு வரைந்த இயேசுவுக்கு உடம்பெல்லாம் புண். சதை பச்சை பாரித்து, விரல்கள் விறைத்துக் கிடக்கின்றன. பூஞ்சை பிடித்த தானியம் தின்று கைகால் அழுகியவர்களைப் பராமரித்த மடம் அது. நோயாளி தன் உடம்பையே அங்கே பார்த்தான். அந்த வலி அவனுக்குச் சொந்தம்.

பரங்கிமலை ரத்தம் அப்படி இல்லை. யாருடைய மலை, யாருடைய மதம் என்கிற வழக்கில் சாட்சி சொல்ல வந்தது அது. எழுத்தைப் படிக்க ஒரு பிராமணரை வரவழைத்தார்கள். அவரும் தோமையாரின் சாவை நீட்டி முழக்கி வாசித்துக் காட்டினார். (என்ன கேட்க ஆசைப்படுகிறார்கள் என்பது தெரிந்தால் பஹ்லவி எதற்கு?) 1873இல் பர்னல் படித்தபோதும் சிலுவைத் தண்டனையும் வேதனையும்தான் தென்பட்டன. 1920களின் இறுதியில் விங்க்வொர்த் படித்தார்; வேதனை காணாமல் போயிற்று. சிலுவையைச் செய்வித்த ஒரு சிரியன், தன்மேல் இரங்கும்படி கிறிஸ்துவிடம் கேட்கிறான். அவன் பெயர் என்ன என்பதில் பிறகு வந்தவர்களுக்குள் தகராறு உண்டு; கேட்பது இரக்கம் என்பதில் பெரும்பாலும் இல்லை.

உடலற்ற சிலுவையை வழிபட்ட ஒரு கிறிஸ்தவம் இங்கே ஏற்கெனவே இருந்தது என்பதுதான் சங்கடம். கல்லை முத்தமிட்டவர்களுக்கு அதைச் செதுக்கியவர்களின் சபை மதவிரோதக் கும்பலாகத் தெரிந்தது. கல் வியர்த்த இரண்டாவது வருஷம், 1560இல், கோவாவில் மதவிசாரணை மன்றம் வந்தது. 1599இல் கேரளத்து உதயம்பேரூரில் கூடிய சங்கம் அவர்களுடைய சுரியானி ஏடுகளைத் திருத்தவோ கொளுத்தவோ உத்தரவிட்டது. அப்புறமும் கல் பலமுறை வியர்த்ததாகச் சொல்கிறார்கள், 1704 வரைக்கும்.