செய்மதித் தொடர்பும் சாளரக் கணக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பாளரின் பெயர்ப்பட்டியலாக எழுதுவதே பெருவழக்கு. ஒரு சூத்திரத்தில் இடம்பெறும் எண் எவ்வாறு அவ்வெண்ணாக அமைந்தது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. செய்மதிவழிக் கணனித் தொடர்பின் நகரும் சாளர நெறிமுறைகளை நாம் இவ்வினாவுடன் அணுகுவோம்.

புவியோடு ஒத்துச் சுழலும் மூன்று நிலையங்கள் உலகு முழுவதற்கும் ஒலிபரப்பை வழங்கவல்லன என ஆதர் சி. கிளார்க் 1945 ஒக்ரோபரில் எழுதினார். (1956 முதல் அவர் இலங்கையில் வாழ்ந்தமை நாமறிந்ததே.) ஒலிபரப்பு ஒருவழிப்பட்டது, கேட்போர் விடை கூற வேண்டியதில்லை. ஆதலின் 35,786 கிலோமீற்றர் உயரம் சென்று மீள்வதால் ஏற்படும் காற்செக்கன் தாமதம் எவரையும் உறுத்துவதில்லை. வானொலி பகிர்ந்தளிக்கும் கருவியாக நின்றுவிடாது உரையாடும் கருவியாக மாறவேண்டும் என பிரெக்ட் 1932இல் கோரியிருந்தார். கணனித் தொடர்போ இயல்பிலேயே உரையாடலாகும். விடை கூறல் தொடங்கியதும் தூரம் தன் விலையைக் கேட்கின்றது.

தரவுப் பொதி போய்ச் சேர்ந்ததென்ற ஒப்புகை வரும்வரை அனுப்பும் கணனி அதன் பிரதியைத் தன் நினைவகத்தில் வைத்திருத்தல் வேண்டும். ஒப்புகையின்றி எத்தனை பொதிகளை அனுப்பலாம் என்ற எல்லையே சாளரம். ஒப்புகை வரவர அது முன்னகரும். சாளரத்துள் அடங்கும் பிட்டுகளின் தொகையை, ஒரு பொதியை அனுப்பும் நேரமும் அது சென்று ஒப்புகை மீளும் நேரமும் சேர்ந்த நேரத்தால் வகுத்தால், ஒரு செக்கனுக்குரிய தரவுப் பாய்ச்சல் கிடைக்கும். தடத்தின் கொள்ளளவை அது விஞ்சாது.

1976இல் முதன்முதல் ஏற்கப்பட்ட எக்ஸ்.25 நியமத்தின் வழமையான பொதி 128 பைட். வழமையான சாளரம் 2. செக்கனுக்கு 64,000 பிட் கொள்ளும் தடத்தில் அப்பொதியை அனுப்ப 16 மில்லிசெக்கன் ஆகும். தரைக்கம்பியில் போக்குவரவு 10 மில்லிசெக்கன் எனக் கொண்டால் மொத்தம் 26. இரு பொதிகளை அனுப்பவே 32 ஆகுமாதலின் தடம் ஓய்வதில்லை. செய்மதியிற் போக்குவரவு ஏறத்தாழ 540; மொத்தம் 556. எனவே பாய்ச்சல் செக்கனுக்குச் சுமார் 3,700 பிட். கொள்ளளவில் நூற்றுக்கு ஆறுகூட இல்லை. தொடரெண்ணுக்கு மூன்று பிட் ஒதுக்கிய நெறிமுறை தரக்கூடிய உச்சச் சாளரம் 7. அதனாலும் ஐந்தில் ஒரு பங்கே நிரம்பும். தடம் முழுமையாக நிரம்ப 35 பொதிகள் வேண்டும். பல உரையாடல்கள் ஒரே தடத்தைப் பகிருமிடத்து இழப்புக் குறையும் என்பது உண்மையே. ஓர் உரையாடலுக்காகத் தடத்தை வாடகைக்குப் பெற்றவரோ 64,000 பிட்டுக்கும் பணம் செலுத்தினார்.

இவ்வகுத்தலின் பகுதியெண் பெரிதும் இயற்கை விதித்தது. தொகுதியெண்ணோ மனிதர் தீர்மானித்தது. நினைவகம் விலையுயர்ந்திருந்த காலத்தில் சிறு சாளரம் சிக்கனமாயிருந்தது என்பது ஒரு காரணம். எனினும், எந்தத் தூரத்தை வழமையெனக் கொண்டு அச்சிக்கனம் அளக்கப்பட்டது? தரைக்கம்பிகள் நெருங்கப் பின்னிய நாடுகளின் தூரமே அது. கம்பி எட்டாத தீவுகளுக்கு வழமை பொருந்தவில்லை. விரிந்த தொடரெண் அவற்றுக்கு ஒரு விதிவிலக்காகவே கிட்டியது.

1981இல் வரையறுக்கப்பட்ட ரி.சி.பி. நெறிமுறையை இதே குற்றச்சாட்டில் அடக்குதல் நேர்மையன்று. அதனை ஆக்கியோர் செய்மதியை அறிந்தவர்கள். மூன்று வலையமைப்புகளை இணைத்த 1977ஆம் ஆண்டுச் சோதனையில் அத்திலாந்திக் செய்மதித் தடமும் இடம்பெற்றது. 64,000 பிட் தடத்தை நிரப்ப ஏறத்தாழ 4,320 பைட் போதும். அவர்கள் அளித்த உச்சமோ 65,535. ஆனால் தடங்கள் அகன்றபோது இவ்வுச்சமும் தடையாயிற்று. 540 மில்லிசெக்கன் போக்குவரவில் அது செக்கனுக்கு 9,70,000 பிட்டைத் தாண்ட விடாது, 4.5 கோடி பிட் தடத்தில் இது இரண்டு வீதமளவே. நீண்ட தாமதத் தடங்களுக்கான திருத்தம் 1988இல் முன்மொழியப்பட்டு, 1992இல் சாளரத்தை ஏறத்தாழ நூறு கோடி பைட் வரை விரிக்கும் முறையாக உருப்பெற்றது. கண்டங்கடந்த ஒளியிழைத் தடங்களிலும் அதே எல்லை உணரப்பட்ட காலம் அது என்பது நோக்கற்பாலது.

திருத்தம் எல்லாக் கணனிகளையும் சென்றடையுமுன் இடைத்தரகர் தோன்றினர். 2001இல் விரிவாக விவரிக்கப்பட்ட இம்முறையில், பொதி வானில் இருக்கும்போதே தரைநிலையக் கருவி அனுப்பியவருக்கு ஒப்புகை வழங்கிவிடும். பிரதியைத் தானே வைத்துக்கொண்டு எஞ்சிய பொறுப்பை ஏற்கும். பொதியின் தலைப்பை அது வாசிக்க முடிய வேண்டும் என்பதே நிபந்தனை. அனுப்புவோர் இரகசியம் கருதித் தலைப்பையும் மறைகுறியாக்கினால் தரகர் விலகிவிட, 540 மில்லிசெக்கனும் மீண்டும் அவர்கள் தலைமேலேயே விழும்.