பழைய வால்வு செட்: பிறந்த ஊரும் செய்த வேலையும்



நம் வீட்டு அட்டாலிகளிலும் பழைய பனியன் கம்பெனி மூலைகளிலும் வால்வு ரேடியோக்களும் மைக் செட்டுகளும் இன்னும் சில தூசி படிந்து கிடக்கின்றன. பழைய இரும்புக்கு எடை போடுமுன் அவை எங்கே பிறந்தன, எதற்காகச் செய்யப்பட்டன என்று பார்த்துவிடுவது நல்லது. எடைக்குப் போனபின் கேட்டுப் பயனில்லை.

கண்ணாடி வால்வில் முல்லார்டு என்ற பெயரைக் கண்டதும் "இது இங்கிலாந்து செட்" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியன்று. வால்வு, தேயத் தேய மாற்றப்படும் பொருள். 1940களின் செட்டில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு இருந்தால், அது பின்னர் மாற்றியதே. அந்த நிறுவனம் தோன்றியதே 1954-இல்தான். ஆகவே செட்டின் பிறப்பைப் பின்புறத் தகட்டில் தேட வேண்டும்.

அங்கே 'யு.எம்.எஸ்.' என்றிருந்தால் கடல் கடந்து போக வேண்டியதில்லை. கோவை ஜி.டி. நாயுடு அவர்களின் மோட்டார் சர்வீஸ் பெயரின் சுருக்கம் அது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கியவர் அவர். நடுவில் இருப்பது நம் உடுமலைப்பேட்டை. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-இல் அறிவித்தவரும் அவரே. பஸ்ஸின் பெயர் ரேடியோவில் ஏறியது இப்படித்தான்.

இனி, செய்த வேலை. முள்ளும் அலைவரிசை எண்களும் இருந்தால் ரேடியோ. அதன் பின்னால் 'பிக்-அப்' துளையும் இருந்தால் இசைத்தட்டும் அதில் பாடியிருக்கும். முள் இல்லாமல், மைக் துளைகளும் '100 வோல்ட்' என்ற முனையும் காணப்பட்டால், அது கூட்டத்துக்கென்றே பிறந்த மைக் செட். பைக்காரா மின்சாரம் உயர் அழுத்தக் கம்பியில் கோவைக்கு வந்ததே, அதே தந்திரம்தான் இங்கும். அழுத்தத்தைக் கூட்டினால் நீண்ட கம்பியில் இழப்பு குறையும். தொலைவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திரும்ப இறக்கிக் கொடுக்கும்.

வால்வு எண்ணும் பேசும். ஈ.சி.சி. 83 என்பது மைக்கின் மெல்லிய ஓசையைப் பெருக்குவது; ஈ.எல். 34 ஒலிபெருக்கியை முழங்க வைப்பது. முதல் எழுத்தாகிய 'ஈ', இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும் என்பதற்கு அடையாளம்.

ஆர்வத்தில் உடனே பிளக்கைச் செருகிவிடாதீர்கள். பழைய கண்டன்சர் வெடிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தேக்கிய மின்சாரம் கையை அடிக்கும். இன்னொன்று: வால்வின்மேல் அச்சிட்ட எழுத்து ஈரத்துணி பட்டாலே போய்விடும். படித்து எழுதிக்கொண்ட பிறகே தூசி துடையுங்கள்.